இன்று யார் முறை?

1712ஆம் ஆண்டின் குளிர்காலம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்றொரு சிற்றூர். ஊர்க் குருவானவர் சாமுவேல் வெஸ்லி திருச்சபைப் பேரவைக்காக லண்டன் போயிருக்கிறார். குருமனையில் அவர் மனைவி சுசன்னாவும் பிள்ளைகளும் மட்டுமே. மூன்று ஆண்டுகளுக்கு முன் தீப்பிடித்து எரிந்து, மறுபடி கட்டப்பட்ட வீடு அது. ஒருநாள் மூத்த மகள் எமிலி அப்பாவின் படிப்பறையில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுக்கிறாள். டென்மார்க் அரசர் அனுப்பிய இரண்டு மிஷனெரிமாரின் வரலாறு. அம்மா அதை வாசிக்கச் சொல்கிறாள், எமிலி வாசிக்கிறாள். அதைக் கேட்ட பிறகு பல நாள்கள் வேறு எதையும் நினைக்க முடியவில்லை என்று சுசன்னா கணவருக்கு எழுதுகிறார்.

அந்த இரண்டு மிஷனெரிமார் சீகன்பால்குவும் புளூட்சோவும். அவர்கள் வந்திறங்கிய ஊர் தரங்கம்பாடி. நாள் 1706 ஜூலை 9. சோழமண்டலக் கடற்கரையில் தமிழ் எழுத்தை மணலில் எழுதிக் கற்ற ஜெர்மானிய இளைஞர் ஒருவரின் கதை, ஆறு ஆண்டுகளுக்குள் ஆங்கிலத்தில் அச்சேறி, இங்கிலாந்துக் கிராமத்துத் தாய் ஒருத்தியை அசைத்துவிட்டது. அந்தத் தாயின் பிள்ளைகள் தொடங்கி, உலகெங்கும் பரவிய மெதடிஸ்ட் இயக்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆக்ஸ்போர்டில் தொடங்குகிறார்கள். தரங்கம்பாடியில் தொடங்குவதற்கும் இடம் இருக்கிறது.

சுசன்னா தன்னையே கேட்டுக்கொண்டார்: ஆணாகப் பிறக்கவில்லை, குருப்பட்டமும் இல்லை, ஆனாலும் இப்போது செய்வதைவிடக் கூடுதலாக ஏதாவது செய்ய முடியாதா? முதலில் பிள்ளைகளிடமிருந்து தொடங்கினார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது என்று முறை வைத்தார். திங்கள் மாலியின் முறை, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி, வெள்ளி பாட்டி, சனி சார்ல்ஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும். வியாழக்கிழமை முறைக்காரனான அந்த எட்டு வயது ஜாக்கிதான் பின்னாளில் ஜான் வெஸ்லி. சனிக்கிழமைக்காரர், ஆயிரக்கணக்கான பாமாலைகளை இயற்றிய சார்ல்ஸ். இருபது ஆண்டு கழித்து, ஆக்ஸ்போர்டில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஜான் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில், பழைய வியாழக்கிழமை மாலையில் ஒரு சிறு பகுதியைத் தனக்காக இப்போதும் ஒதுக்கித் தர முடியுமா என்று கேட்கிறார். வளர்ந்த ஆண்பிள்ளை அப்படிக் கேட்டிருக்கிறார் என்றால், அந்த ஒரு மணி நேரம் அவருக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்!

ஞாயிறு மாலையில் வீட்டார்க்கு சுசன்னா ஜெபமும் ஒரு பிரசங்கமும் வாசித்தார். வேலைக்காரப் பையன் போய்த் தன் பெற்றோரிடம் சொன்னான், அவர்கள் வந்தார்கள். முப்பது நாற்பது என்று கூடி, கடைசியில் இருநூறு பேருக்கு மேல் வந்து, இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள். கோயிலில் உதவிக் குருவானவரின் ஆராதனைக்கு அவ்வளவு கூட்டம் இல்லை. அவர் லண்டனுக்குப் புகார் எழுதினார். கணவர் தயங்கித் தயங்கி, நிறுத்திவிடலாமே என்று எழுதினார். சுசன்னாவின் பதில் கிறிஸ்தவப் பெண்கள் எழுதிய கடிதங்களில் தலைசிறந்த ஒன்று: நிறுத்த வேண்டுமென்றால் ஆலோசனை சொல்லாதீர்கள், கட்டளை இடுங்கள், நியாயத்தீர்ப்பு நாளில் அந்தப் பொறுப்பு என்மேல் இருக்கக் கூடாது. சாமுவேல் கட்டளை இடவில்லை.

இன்றைய பேச்சின் பொருள் உபவாசமும் சிறு குழு ஐக்கியமும். சபைகளில் இவை இரண்டும் தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பட்டியலில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் ஓர் அறிவிப்பு, வீட்டு ஜெபக்கூட்டம் இன்னோர் அறிவிப்பு. ஆனால் இவற்றின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்று தெரிகிறது. அந்த வேருக்குத் தமிழில் நல்ல பெயர் ஒன்று இருக்கிறது: முறை. காவிரிக் கடைமடைக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டாம். வாய்க்காலில் வரும் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே நாளில் பாயாது. முறை வைத்துப் பாய்ச்சினால் கடைசி வயலும் நனையும். சுசன்னா தன் எட்டுப் பிள்ளைகளுக்கு நேரத்தைப் பாய்ச்சியது அப்படித்தான். அவருடைய மகன் பசியையும் அன்பையும் பணத்தையும் அதே போல முறை வைத்துப் பாய்ச்சக் கற்றுக்கொண்டார்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வாரத்தில் புதனும் வெள்ளியும் உபவாசிக்க வேண்டும் என்று சொல்லும் 'திதாகே' என்ற மிகப் பழைய கிறிஸ்தவக் கையேடு 1873இல்தான் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டது. அதே கையேடு ஞானஸ்நானத்துக்கு முன் உபவாசிக்கச் சொல்கிறது. அதுவும் ஞானஸ்நானம் பெறுகிறவர் மட்டுமல்ல. கொடுக்கிறவரும், சபையில் முடிந்த மற்றவர்களும் உடன் உபவாசிக்க வேண்டும். ஒருவர் தண்ணீரில் இறங்க, ஊரே பசித்திருக்கிறது! இரண்டாம் நூற்றாண்டு நூலான 'ஹெர்மாவின் மேய்ப்பன்' கணக்கும் போட்டுக் கொடுக்கிறது: உபவாச நாளில் நீ சாப்பிடாமல் விட்ட உணவின் விலை எவ்வளவு என்று பார், அதை விதவைக்கோ அநாதைக்கோ ஏழைக்கோ கொடுத்துவிடு. அதே நூற்றாண்டில் அரிஸ்திதேஸ் என்ற ஏதென்ஸ் தத்துவஞானி ரோமப் பேரரசருக்கு எழுதிய மனுவில், கிறிஸ்தவர்கள் தங்களில் ஒருவனுக்குச் சாப்பாடு இல்லை, கொடுக்கத் தங்களிடமும் மிச்சமில்லை என்றால், இரண்டு மூன்று நாள் தாங்கள் பசித்திருந்து அவனுக்குக் கொடுப்பார்கள் என்று விவரிக்கிறார். உபவாசம் என்றதும் மனத்தில் வர வேண்டிய படம் இதுதான். ஒருவர் தட்டு காலியாகும்போது இன்னொருவர் தட்டு நிறைகிறது. அதற்கு அந்த இன்னொருவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆயிரம் பேர் கூடும் இடத்தில் அது தெரியாது.

சிறு குழு என்ற வடிவம் புது மூச்சோடு எழுந்தது ஜெர்மனியில். பிராங்க்பர்ட் நகரத்து லூத்தரன் போதகர் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1670இல் வீட்டில் வாராந்தரக் கூட்டம் தொடங்கினார். அவர் வழியில் வந்தவர் ஹாலே நகரத்து பிராங்கே. பிராங்கேயின் மாணவர்கள் தரங்கம்பாடி மிஷனெரிமார். ஹாலேயில் பள்ளிப் படிப்பு படித்த சின்சென்டார்ப் பிரபு, மொராவியாவிலிருந்து தப்பி வந்த அகதிகளுக்குத் தன் நிலத்தில் இடம் கொடுத்தார். ஹெர்ன்ஹூட் என்று பெயர் வைத்த அந்த ஊரில் 1727 ஆகஸ்டில் 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்து, இரவும் பகலும் விடாத ஜெபத்தைத் தொடங்கினார்கள். அது நூறாண்டுக்கு மேல் நடந்தது. 1760இல் அந்த மொராவியர்களே தரங்கம்பாடிக்கு அருகில் வந்து 'சகோதரர் தோட்டம்' என்று ஒரு குடியிருப்பு அமைத்ததும் வரலாறு.

ஆக்ஸ்போர்டுக்கு வருவோம். 1729இல் சார்ல்ஸ் வெஸ்லியைச் சுற்றி நாலைந்து மாணவர்கள் கூடினார்கள். நவம்பரில் ஜான் வந்து தலைமை ஏற்றார். கிரேக்க வேதாகமம் வாசித்தார்கள், வாரந்தோறும் நற்கருணை எடுத்தார்கள், பின்னர், பழைய திருச்சபையின் வழக்கப்படி புதனும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணி வரை சாப்பிடாமல் இருந்தார்கள். மற்ற மாணவர்கள் 'பரிசுத்தச் சங்கம்' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். வில்லியம் மார்கன் என்ற அயர்லாந்து மாணவர்தான் 1730இல் இவர்களை ஆக்ஸ்போர்டு கோட்டைச் சிறைக்குள் அழைத்துப் போனவர். கடனுக்காக அடைபட்டவர்களைப் பார்ப்பது, அவர்களின் சிறு கடன்களை அடைத்து வெளியே கொண்டுவருவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது எல்லாம் அப்படித் தொடங்கின.

1732இல் மார்கன் நோயில் இறந்துபோனார். வெஸ்லி சகோதரர்கள் பட்டினி போட்டே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று ஆக்ஸ்போர்டு பேசியது. ஜான் வெஸ்லி மார்கனின் தந்தைக்கு நீண்ட கடிதம் எழுதினார். உங்கள் மகன் உபவாசத்தை ஒன்றரை ஆண்டுக்கு முன்பே விட்டுவிட்டார், நான் தொடங்கியே அரை ஆண்டு ஆகவில்லை என்று விளக்கினார். தந்தை ஏற்றுக்கொண்டார், இளைய மகனையும் அவரிடமே படிக்க அனுப்பினார். ஆனால் அந்தப் பழிச்சொல்லில் ஓர் எச்சரிக்கை இருக்கத்தான் செய்தது. மூன்று ஆண்டு கழித்து அதே குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் விட்பீல்டு என்ற ஏழை மாணவர், லெந்து நாட்களில் முரட்டு ரொட்டியும் சர்க்கரை போடாத மூலிகைத் தேநீரும் மட்டும் எடுத்து உடம்பை வதைத்தார். கடைசியில் மாடிப்படி ஏற முடியாமல் ஏழு வாரம் படுக்கையில் கிடந்தார்.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றும் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிற அம்மாக்கள், வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் பெண்கள், யாரிடமும் சொல்லாமல் நாள் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்து மயங்கி விழுகிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் இதில் இறங்கவே கூடாது. வெஸ்லி பின்னாளில் மலைப்பிரசங்கத்தைப் பற்றிய தம் உரையில் உபவாசத்துக்குப் பல படிகள் சொன்னார்: முழு உபவாசம், நோயாளிகள் கொஞ்சமாகச் சாப்பிடும் பகுதி உபவாசம், பிடித்த உணவை மட்டும் விலக்குவது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஒருசந்தி, சுத்தபோசனம் என்று இரண்டு சொற்களை வைத்து இந்த வித்தியாசத்தை எப்போதோ பிரித்துவைத்திருக்கிறார்கள். விட்பீல்டு தன் அறையில் தனியாகக் கதவடைத்து உடம்பை வருத்திக்கொண்டிருந்தபோது, போதும் தம்பி என்று தடுக்கப் பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் அந்த ஏழு வாரம் மிஞ்சியிருக்கும்.

அப்படிப் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு ஏற்பாடு மூன்றே ஆண்டில் வந்தது. 1736 ஜனவரியில் அமெரிக்காவுக்குப் போன கப்பலில் ஜான் வெஸ்லி புயலில் சிக்கி நடுங்கினார். உடன் வந்த மொராவியர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்து திரும்பியதும் மொராவியப் போதகர் பீட்டர் பேலரோடு சேர்ந்து 1738 மே 1ஆம் தேதி லண்டனில் ஒரு சிறு சங்கம் அமைத்தார். பெட்டர் லேன் என்ற தெருவின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. சங்கத்தார் 'பேண்ட்' என்ற சிறு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஐந்து பேருக்குக் குறையக் கூடாது, பத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தச் சங்கத்தின் விதிகளில் இரண்டு, தேவாலய வரலாற்றில் அதிகம் பேசப்படாதவை. ஒன்று, இடைவிடாத ஜெபத்துக்காக ஒவ்வொருவரும் பகலிலோ இரவிலோ ஒரு மணி நேரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மற்றொன்று, இடைவிடாத உபவாசத்துக்காக, ஞாயிறும் பண்டிகையும் நீங்கலாக, நாள்தோறும் மூன்று பேர் உபவாசிக்க வேண்டும். அவர்கள் உடல்நிலை இடம்கொடுக்கும் அளவுக்கு மட்டும்.

இந்த விதியில் நின்று பார்ப்பது நல்லது. அதிலுள்ள ஞானம் எளிதில் பிடிபடாது. ஒரே ஒருவர் உபவாசித்தால் அது அவருடைய சாதனையாகிவிடும். எல்லாரும் ஒரே நாளில் உபவாசித்தால் அது விழாவாகிவிடும்; பந்தல், ஒலிபெருக்கி, யார் எத்தனை நாள் இருந்தார் என்ற பேச்சு எல்லாம் வந்துவிடும். மூன்று பேர் என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடிகிறது. ஒருவருக்குத் தலைசுற்றினால் மற்ற இருவருக்குத் தெரியும். இன்றைக்கு மூவர், நாளைக்கு வேறு மூவர் என்பதால் யாருடைய உடம்பும் தேயாது. ஆனால் சங்கத்தின் உபவாசம் மட்டும் அறுபடாமல் நடக்கும். இன்று உழைத்துச் சாப்பிடுகிறவர், தனக்காக மூன்று பேர் எங்கோ பசித்து ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைவோடு சாப்பிடுகிறார். உடல்நிலை பற்றிய அந்த ஒற்றை வரியில் மார்கன் மரணத்தின்போது பட்ட வடுவும் தெரிகிறது.

பேண்டுகள் கூடிப் பேசியது என்ன? அதே 1738 கிறிஸ்துமஸ் நாளில் வெஸ்லி எழுதிய விதிகள் இருக்கின்றன. போன தடவை கூடியதிலிருந்து தெரிந்தே செய்த பாவம் என்ன, எந்தச் சோதனை வந்தது, எப்படித் தப்பினாய், பாவமா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும் எதையாவது சொன்னாயா செய்தாயா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். தலைவர் தன் நிலையை முதலில் சொன்ன பிறகே மற்றவர்களைக் கேட்கலாம். நமது வீட்டுக் கூட்டங்களில் நடத்துகிறவர் பிரசங்கம் பண்ணுவார், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள்; இங்கே நடத்துகிறவரே முதலில் உள்ளத்தைத் திறக்கிறார். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, மணமானவர்க்கும் ஆகாதவர்க்கும் தனித்தனிக் குழுக்கள். இது எல்லாருக்கும் தாங்கக்கூடிய ஏற்பாடு அல்ல. பேண்டில் சேர்ந்தவர்கள் சிறுபான்மையாகவே இருந்தார்கள்.

எல்லாருக்குமான வடிவம் கடன் தொல்லையால் வந்தது. பிரிஸ்டலில் 'புதிய அறை' என்ற ஜெபவீட்டைக் கட்டியதில் கடன் ஏறியிருந்தது. 1742 பிப்ரவரி 15ஆம் தேதி, அதை எப்படி அடைப்பது என்று கூடிப் பேசினார்கள். போய் என்ற பெயருடைய கப்பல் தலைவர் எழுந்தார். கடன் தீரும்வரை ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்றார். நம்மில் பலர் ஏழைகள், அவர்களால் முடியாது என்று ஒருவர் மறுத்தார். போய் சொன்ன பதிலின் சாரம் இது: இருப்பவர்களில் மிக ஏழையான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்கு நானே போவேன், கொடுக்க முடிந்தால் வாங்கிக்கொள்வேன், முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே போடுவேன். மற்றவர்களும் ஆளுக்குப் பதினொரு பேரை ஏற்றுக்கொண்டார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட 'கிளாஸ்' பிறந்தது.

பென்னி வாங்க வீட்டுக்குப் போனவர்கள் பென்னியை மட்டும் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் கணவன் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான், இன்னொருவர் குடித்திருந்தார். வந்தவர்கள் அதை வெஸ்லியிடம் சொன்னார்கள். வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று அவருக்குச் சட்டென்று பட்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வெட்டவெளியில் பிரசங்கித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். கேட்டவர்கள் அடுத்த நாள் எப்படி வாழ்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லாமல் இருந்தது. இனி ஒவ்வொரு தலைவரும் தன் பன்னிரண்டு பேரையும் வாரம் ஒருமுறை பார்த்து, ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. வீடு வீடாகப் போவதில் நேரம் போதவில்லை. பிறர் வீட்டில் வேலை பார்ப்பவர்களை எசமானர்கள் பார்க்க விடவில்லை. ஆகவே எல்லாரும் ஓரிடத்தில் கூடலாம் என்று மாற்றினார்கள்.

தமிழ்த் திருச்சபைகளுக்கு இது அந்நியமான கதை அல்ல. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவரும் பிடியரிசிக் காணிக்கையை நம் பாட்டிமார் நன்றாக அறிவார்கள். அந்தப் பிடி அரிசியைச் சேகரிக்க வீடுதோறும் போன பெண்களுக்கு, எந்த வீட்டில் உலை ஏறவில்லை என்பதும் தெரிந்துபோகும். காணிக்கை உறையும் வங்கிக் கணக்கும் அந்த நடையை இல்லாமல் ஆக்கிவிட்டன. வசதி பெருகியது, வாசல் வரை வந்து விசாரித்த ஆள் இல்லாமல் போனார். அந்த இழப்பைச் சபைகள் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

வெஸ்லியின் ஏற்பாட்டில் கண்டிப்பும் இருந்தது. 1743 மார்ச்சில் நியூகாசில் சங்கத்தில் ஒவ்வொருவராக விசாரித்து 64 பேரை விலக்கினார். நாட்குறிப்பில் காரணம் காரணமாகக் கணக்கு இருக்கிறது. குடிவெறிக்காக 17 பேர், சாராயம் விற்றதற்காக 2 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர், சோம்பலுக்காக ஒருவர். மிகப் பெரிய எண்ணிக்கை 29: அக்கறையின்மை, அசட்டை. பெரிய பாவிகளைவிட, ஏனோதானோ என்று இருந்தவர்களே அதிகம் போனார்கள். அதே ஆண்டில் அச்சான பொது விதிகளில் மூன்று தலைப்புகள் வந்தன: தீமை செய்யாதே, நன்மை செய், தேவன் நியமித்த வழிகளைக் கைக்கொள். மூன்றாவதில் ஆராதனை, வேத வாசிப்பு, நற்கருணை இவற்றோடு உபவாசமும் நிற்கிறது. ஒவ்வொரு காலாண்டிலும் உறுப்பினருக்குச் சின்னச் சீட்டு ஒன்று தரப்பட்டது. அதைப் புதுப்பிக்கும்போதுதான் கேள்விகள். வெள்ளி உபவாசம் இருந்தாயா என்பது அப்படி ஒருவர் முகம் பார்த்துக் கேட்கும் விஷயமாயிற்று. போதகர் பட்டத்துக்கு வருகிறவரிடம், உபவாசத்தைச் சொல்லாலும் முன்மாதிரியாலும் கற்பிப்பாயா என்று மெதடிஸ்ட் திருச்சபை இன்றும் கேட்கிறது.

இந்தக் குழுக்கள் பெண்களுக்குக் கதவு திறந்தன. பெண் பிரசங்கிக்கக் கூடாது என்றிருந்த காலத்தில் பெண் கிளாஸ் தலைவிகள் இருந்தார்கள். 1761 பிப்ரவரியில் டெர்பி நகரில் சாரா கிராஸ்பி தன் கிளாஸுக்கு முப்பது பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்துப் போனார். வந்தவர்கள் இருநூறு பேர். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வழியில்லை. எழுந்து நின்று எல்லாருக்குமாகப் பேசினார். பிறகு வெஸ்லிக்குக் கடிதம் எழுதி, தவறு செய்துவிட்டேனா என்று கேட்டார். அதிகம் போய்விடவில்லை என்று பதில் வந்தது. எப்வொர்த் அடுக்களையில் இருநூறு பேருக்கு வாசித்த தாயின் மகன் வேறென்ன எழுதியிருக்க முடியும்?

பணமும் உபவாசத்தின் பக்கத்திலேயே வந்தது. ஆக்ஸ்போர்டில் ஆண்டுக்கு 30 பவுன் வருமானம் வந்தபோது ஒருவர் 28இல் வாழ்ந்து 2 பவுன் கொடுத்தார். 60 வந்தபோதும் 28இல் வாழ்ந்து 32 கொடுத்தார். 120 வந்தபோது 92 கொடுத்தார் என்று வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். பெயர் சொல்லவில்லை, அது அவரேதான் என்று அறிந்தவர்கள் எல்லாரும் ஏற்கிறார்கள். ஹெர்மாவின் மேய்ப்பன் போட்ட கணக்கை வாழ்நாள் முழுவதற்கும் நீட்டினால் இப்படித்தான் வரும்.

1791 மார்ச்சில் அவர் இறந்தபோது பிரிட்டனில் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் கிளாஸ் மெல்ல மெல்லச் சடங்கானது. ஆண்டு முழுவதும் அதே தலைவர், அதே கேள்வி, அதே பதில். சங்கம் மரியாதைக்குரிய திருச்சபையாக வளர்ந்ததும், வாரந்தோறும் பன்னிரண்டு பேர் முன்னால் மனம் திறப்பது கௌரவக் குறைவாகத் தோன்றியது. பாடகர் குழுவும் ஞாயிறு பள்ளியும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. உபவாசமும் அதோடு தளர்ந்தது. கேட்க ஆள் இல்லாமல் போனபோது பசித்திருக்கவும் ஆள் குறைந்ததில் வியப்பில்லை.

வேறொரு மண்ணில் இரண்டும் மறுபடி ஒன்றுசேர்ந்தன. தென்கொரியத் தலைநகர் சியோலில் 1958இல் ஒரு கூடாரத்தில் தொடங்கிய யோய்டோ சபையின் போதகர் சோ யோங்கி, 1964இல் வேலைப்பளு தாங்காமல் மயங்கி விழுந்தார். சபையை வீட்டுக் குழுக்களாகப் பிரித்தார். ஆண்கள் தயங்க, பெண்கள் பொறுப்பேற்றார்கள். உலகின் மிகப் பெரிய சபை அந்த வீட்டுக் குழுக்களின் மேல்தான் எழுந்தது. அவருடைய மாமியார் சோய் ஜாசில் 1973இல் ஓசான்ரி என்ற இடத்தில் உபவாச ஜெபமலை ஒன்றை உருவாக்கினார். இதிலும் மறைக்க முடியாத பக்கம் உண்டு. 2014இல் சபைப் பண விவகாரத்தில் நீதிமன்றம் அந்தப் போதகரைக் குற்றவாளி என்று தீர்த்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒருவரை ஒருவர் விசாரிக்கும் வட்டங்களை அமைத்தவர் அவர். அந்த விசாரிப்பு உச்சிக்கும் எட்டும்படி ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். தலைவரே முதலில் தன் நிலையைச் சொல்ல வேண்டும் என்ற 1738ஆம் ஆண்டு விதி இந்த இடத்தில் உறைக்கிறது.

நம் சபைகளில் உபவாசத்துக்குக் குறைவில்லை. லெந்து நாற்பது நாளும் கறி மீன் தொடாதவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை காலை முதல் மாலை வரை தண்ணீரோடு கோயிலில் உட்காருகிற தாய்மார் உண்டு. அவர்களின் பக்தியைக் குறைசொல்ல யாருக்கும் தகுதியில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த மண்டபத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எதற்காகப் பசித்திருக்கிறார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மகனின் குடிக்காகவா, வட்டிக்கு வாங்கிய கடனுக்காகவா, ஸ்கேனில் வந்த கட்டிக்காகவா? ஒலிபெருக்கியில் மொத்தமாக ஜெபித்து முடிந்து, எல்லாரும் கஞ்சி குடித்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு தெருவில், ஒரு வீட்டுத் திண்ணையில், இன்று மூன்று பேர், நாளை மூன்று பேர் என்று முறை வைத்துக்கொண்டால், அந்தக் கடனைப் பற்றி வெள்ளிக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மிச்சமான சாப்பாட்டுக் காசு எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எப்வொர்த்தில் வாசிக்கப்பட்ட தரங்கம்பாடிக் கதை திரும்பித் தமிழ் மண்ணுக்கு வர நூறாண்டு ஆனது. வெஸ்லியின் தோழர் தாமஸ் கோக், ஆசியாவுக்கான முதல் மெதடிஸ்ட் மிஷனெரிமாரை அழைத்துக்கொண்டு கப்பலேறி, 1814 மே மாதத் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலிலேயே இறந்துபோனார். மற்றவர்கள் ஜூன் 29ஆம் தேதி இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்கினார்கள். லின்ச்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கும், ஆல்ட் மட்டக்களப்புக்கும் போனார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1817இல், ஜேம்ஸ் லின்ச் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்தார். பிரசங்க மேடை எதுவும் அங்கே அவருக்காகக் காத்திருக்கவில்லை. சேர்ந்து வாசித்தும் ஜெபித்தும் வந்த ஒரு சிறு வட்டம் கடிதம் எழுதி அவரை அழைத்திருந்தது. அவர் வருவதற்கு முன்பே அவர்கள் கூடிக்கொண்டிருந்தார்கள்.